ஆறு மணிப் பூஜை

காலை ஆறு மணிக்கு பஸ் டிரைவர் குளித்துவிட்டு வந்து விளக்கேற்றினார், சூடம் காட்டினார், பூஜை மணியைக் கணகணவென்று அடித்தார். முகத்தில் பக்தியும் இல்லை, சலிப்பும் இல்லை. வண்டியில் கியர் மாற்றுகிற மாதிரிதான்.

"இருபது வருஷம் நான் பூஜை பண்றப்போ கிண்டல் பண்ணின மனுஷன்," என்றாள் சோபாவில் உட்கார்ந்திருந்த மனைவி. "இப்ப ஒரு நாள் விடுறதில்ல."

"நீ விட்டுட்டியே. யாராவது பண்ணணும்ல?"

"எனக்குச் சாமி மேல கோவங்க. அது முகத்துல முழிக்கவே பிடிக்கல."

"எனக்குக் கோவிச்சுக்கக்கூட சாமி இல்லையே. அதான் ஈசியா இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. "இன்னும் சத்தமா அடிங்க."

மகளின் அறைக்குள் போய் அடித்தார். கல்லூரிக்குப் போகிற பெண். இந்த மணிச்சத்தத்துக்குத் தினமும் தலையணையை விட்டெறிந்து, "அம்மா, உன் சாமிக்கு என்ன காது மந்தமா?" என்று கத்துவாள்.

கையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். விபத்து நடந்ததிலிருந்து பதினோரு மாதமாக அசையாத அவள் கை, தலையணைக்குப் பக்கத்தில் அப்படியே கிடந்தது.

"பழகின சத்தம் காதுல விழுந்துட்டே இருக்கணும்னு டாக்டர் சொன்னாருல்ல," என்றாள் பின்னால் வந்து நின்ற மனைவி.

அவர் மறுபடியும் அடித்தார். ஒரே ஒரு திட்டு வாங்கினால் போதும் அவருக்கு.