ரோலர் ரூம் பேண்ட்

முப்பது வருஷம் நிவித்திகலப் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில் ரோலர் மெஷின்களின் இரைச்சலோடு மல்லுக்கட்டிவிட்டு, மூன்று பேரும் பழைய புளூஸ் ராக் பேண்டை மறுபடி தொடங்கியிருந்தார்கள்.

முதல் ஒத்திகை. எலெக்ட்ரிக் கிட்டாரோடு நின்ற தங்கவேலுவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. டிரம்மை மிதிக்கும் சவரிமுத்துவின் காலிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. பிசகினால் மானம் போய்விடும்.

ஒருவழியாகப் பாட்டு முடிந்தது.

"மச்சான், ஒன் கிட்டாரு பழையபடியே அழுவுது" என்று கத்தினார் சவரிமுத்து.

"மகாதேவன் பேஸ் கிட்டாரு மட்டும் என்னவாம், நெஞ்சு அதிருதே" என்று தங்கவேலுவும் கத்தினார். மகாதேவன் வெட்கப்பட்டார்.

பிளேன்டீ கொண்டுவந்த தங்கவேலுவின் மகள் விஜயகலா, அவர் காதோரம் குனிந்தாள்.

"ஆரம்பிக்கிறப்பவே கரண்டு போயிருச்சுப்பா. சவரி மாமா டிரம் மட்டுந்தான் கேட்டுச்சு."

தங்கவேலு மற்ற இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"புள்ள என்னா சொல்லுது?" என்றார் மகாதேவன், கையைக் காதுக்கு அணைகொடுத்து.

"நல்லா கேட்டுச்சாம்."