நல்ல பதிவுக்குப் பாதி

"ஆறு அதிகம். இரண்டு போதும்" என்றார் ரகுநாதன்.

வெரோனிக்கா பேனாவைக் கீழே வைத்தாள். "குத்தி ஒருவனின் கன்ன எலும்பை உடைத்திருக்கிறார். அதற்கு இரண்டே ஆட்டத் தடையா?" என்று ஜேர்மன் மொழியில் கேட்டாள்.

ஜேர்மனியின் நொய்கெல்ன் பகுதியில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் பின்னறை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். உள்ளூர் ரக்பி லீக்கின் ஒழுங்குக் குழு என்பது இவர்கள் இரண்டு பேர்தான், ரகுநாதன் தலைவர். மேசையின் மறுபக்கத்தில் இளங்கீரன், பேருந்து ஓட்டுநர் சீருடையோடு, கைகளை மேசைமேல் விரித்து வைத்து உட்கார்ந்திருந்தான்.

ரக்பியில் பந்தோடு ஓடுகிறவனைக் கட்டிப்பிடித்து விழுத்தலாம். குத்தக் கூடாது. போன வாரம் மழைக்குள், சேற்றில் நாலைந்து பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்த குவியலுக்குள்ளிருந்து எதிரணிப் பையன் ஒருவன் முகமெல்லாம் இரத்தத்தோடு எழும்பினான்.

குத்தியது யாரென்று நடுவர் காணவில்லை. காணொளியில் முதுகுகள் மட்டும்தான் தெரிந்தன. ஒருவரும் ஒப்புக்கொள்ளாவிட்டால் முழு அணியையும் வெளியேற்றுவோம் என்று குழு அறிவித்த பிறகு, இளங்கீரன் வந்து "நான்தான்" என்றான்.

"பன்னிரண்டு வருடமாக ஆடுகிறார். ஒரு எச்சரிக்கைகூட இல்லை" என்றார் ரகுநாதன். "நல்ல பதிவுக்குக் கழிவு கொடுக்கலாம் என்று விதியே சொல்கிறது."

"பாதிதான் கழிக்கலாம். ஆறில் பாதி மூன்று. கெட்ட பதிவென்றால் இரட்டிப்பு. இதை எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தானே?"

உண்மைதான். இதே அணியில் ஆடும் சொந்த மகன் மிதுஷனுக்கே போன வருடம் ஈவிரக்கமில்லாமல் இரட்டிப்புத் தடை போட்டவர் ரகுநாதன். நியாயமான மனிசன் என்று கோயிலில்கூட ஆட்கள் வந்து கை கொடுத்தார்கள்.

ஆனால் இந்தப் பருவத்தில் மிச்சம் மூன்றே ஆட்டங்கள். இளங்கீரனுக்கு வயது முப்பத்தெட்டு; இந்தப் பருவத்தோடு ஆட்டத்தை விட்டுச் சப்பாத்தைக் கழற்றுகிறான். இரண்டு ஆட்டத் தடையென்றால் சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டுப் போகலாம். மூன்றென்றால் இந்த அறையோடு எல்லாம் முடிந்தது.

ரகுநாதன் தமிழுக்கு மாறினார். "தம்பி, வாயைத் திறந்து ஏதாவது சொல்லுமன். அவன் முதல்லை கை வைச்சவன், தூஷணம் சொன்னவன் எண்டு ஏதாவது. அப்பிடியெண்டாக் குறைக்கலாம்."

"அவன் ஒண்டும் சொல்லேல்லை அண்ணை. நல்ல பொடியன். நேற்று ஆஸ்பத்திரியிலை போய்ப் பாத்தனான். கஞ்சி மாதிரி ஏதோ உறிஞ்சிக் குடிக்கிறான்."

"வீட்டிலை என்ன சொன்னவ?"

"பாலாம்பிகையோ? கடைசி மேட்சுக்கு அம்பது பேருக்கு ரோல்ஸ் செய்யிறன் எண்டு நிண்டவ. இப்ப இறைச்சியெல்லாம் ஃப்ரீசருக்கை. ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டா, பாவம்." இளங்கீரன் சிரித்தான்.

ரகுநாதன் சிரிக்கவில்லை.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள் வெரோனிக்கா.

"செய்ததற்கு வருந்துகிறாராம்."

அவள் மேசைமேல் இருந்த கைகளைப் பார்த்தாள். "எலும்பு உடையும்படி குத்தியிருக்கிறீர்கள். விரலில் ஒரு கீறல்கூட இல்லையே?"

இளங்கீரன் கைகளை மடிக்கு இழுத்துக்கொண்டான். பதிலை ரகுநாதன் சொன்னார். "ஒரு வாரமாயிற்று. ஆறியிருக்கும்."

"சரி. இரண்டுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்" என்றாள் வெரோனிக்கா. குரலில் கோபமில்லை. "உங்கள் ஊர்க்காரர், தெரிந்தவர். எனக்கும் இவர்மேல் இரக்கம்தான். ஆனால் உங்கள் மகனுக்கு ஒரு விதி, இவருக்கு ஒரு விதியா?"

ரகுநாதனின் முகம் கறுத்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இளங்கீரன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"மூன்று" என்றார், மேசையைப் பார்த்தபடி.

வெளியே, வெறும் பியர்ப் பெட்டிகள் அடுக்கியிருந்த நடைவழியில் இளங்கீரன் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டிருந்தான். ரகுநாதன் பின்னாலேயே வந்தார். அவன் தோளில் கை வைக்கப் போய், பிறகு எடுத்துக்கொண்டார்.

"குறை நினையாதையும் தம்பி. இரண்டாக்கித் தாறன் எண்டு உமக்குச் சொன்னனான். ஏலாமல் போச்சு."

"விடுங்கோ அண்ணை. நீங்களும் கேட்டுப் பாத்தனீங்கள்தானே. அவவிலை பிழையில்லை, விதி அப்பிடி."

"கடைசி மேட்சுக்கு வாருமன். வெளியிலை நிண்டெண்டாலும்..."

"வராமல்? ரோல்ஸ் பழுதாப் போகுமெல்லோ."

ரகுநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த மனிசன் தன்னைத் திட்டினால் நல்லாயிருக்கும் போலிருந்தது. இளங்கீரன் திட்டவில்லை. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவன், ஏதோ நினைவு வந்தவன்போலத் திரும்பினான்.

"மிதுஷன்ரை கை வீக்கம் வத்திட்டுதோ, அண்ணை?"