மாடி வீட்டுக்கு நேர்முகத் தேர்வு

பொதுமக்கள் கவனத்துக்கு: ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி தமது மாடி வீட்டுக்குக் குடித்தனக்காரரைத் தேர்ந்தெடுக்கும் மாபெரும் வைபவம் ஞாயிறு காலை இனிதே நடந்தேறியது. பதினோரு பேர் ஏற்கெனவே தோற்றுப்போயிருந்தார்கள். பன்னிரண்டாமவர் ஒற்றைப் பெட்டியோடு வந்தார்.

“குடும்பம்?” என்று தொடங்கினார் அதிகாரி.

“தனி ஆள்தான் சார்.”

“சொந்தம், சிநேகிதம்னு யாராவது வந்து நிப்பாங்களா?”

“ஈ, காக்கா வராது.”

அதிகாரியின் முகம் மலர்ந்தது. “அதுதான் வேணும். எனக்கு மனுஷங்கன்னாலே ஆகாது.”

“சாருக்குப் பிள்ளைங்க?”

“ஒரே பையன். பேசிப் பத்து வருஷம் ஆச்சு.”

“வேலைக்காரம்மா, அக்கம்பக்கம்?”

“அவளை நிறுத்திட்டேன். பக்கத்து வீட்டோட கோர்ட்ல கேஸ். நான் ஊர்ல இருக்கேனா இல்லையான்னே தெருவுல எவனுக்கும் தெரியாது.”

வந்தவர் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திப் பார்த்தார். “சத்தம் வெளிய போகாது போலிருக்கே?”

“கெட்டிச் சுவர். நானே பக்கத்துல நின்னு கட்டினது” என்றார் அதிகாரி பெருமையாக. “நீங்க பாஸ். பெட்டியை உள்ள கொண்டு வாங்க.”

வந்தவர் பெட்டியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைத் தாழிட்டார்.

அவரும் இதற்கு முன் பதினேழு வீடுகளைப் பார்த்து வேண்டாமென்று சொல்லியிருந்தார். அங்கெல்லாம் வீட்டுக்காரரைத் தேடி வர ஒருவராவது இருந்தார்.