ஏலத்துக்குப் போன கண்ணன்

“இந்தக் கண்ணன் படத்த வரைஞ்சது நான்தான்னு நெட்ல எழுதினது நீயாம்மா?”

வாசலில் நின்ற பழம்பொருள் வியாபாரி அருணகிரிக்கு மூச்சு வாங்கியது. கையில் துணி சுற்றிய படம்.

“நான்தாங்க. உள்ள வாங்க” என்றாள் சூர்யகலா. ஆரணியில் பட்டுச் சேலைகளுக்கு டிசைன் வரைபவள்.

போன மாதம் அவள் களம்பூரில் தாய் வீட்டில் இருந்தபோது, மாமியார் கற்பகத்திடம் சீரியல் விளக்கு எரியும் புதுப் படம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, பூஜை அறையில் இருந்த இந்தப் படத்தை வாங்கிப் போயிருந்தார் அருணகிரி. நூறு வருடப் பழசு என்று இன்டர்நெட் ஏலத்தில் போட்டார். விலை ஏறிக்கொண்டிருந்தபோதுதான், ‘இது நான் வரைந்தது’ என்று சூர்யகலா அந்தப் பக்கத்திலேயே எழுதிவிட்டாள்.

“லண்டன்காரன் கேட்டுகினு இருந்தான். நீ எழுதினதும் வேணாம்னுட்டான். பேஜாராப் போச்சு! இது பழசும்மா. கலரு எப்டி மங்கியிருக்கு பாரு!”

“டீத்தண்ணி தடவி, சாம்பிராணிப் புகை காட்டினா மங்காம என்ன பண்ணும்?”

சூர்யகலா பக்கத்து அறைக் கதவைத் திறந்தாள். சுவரில் சாய்ந்தபடி மூன்று கண்ணன்கள். அதே வெண்ணெய்ப் பானை, அதே குறும்புச் சிரிப்பு. ஒன்றில் மயிலிறகு மட்டும் பாக்கி.

அருணகிரி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“உங்க மாமியார் ஒண்ணுமே சொல்லலியே!”

“நீங்க கேட்டீங்களா?”

அருணகிரி கையிலிருந்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“புதுச பழசுன்னு வித்தா கேஸ் ஆவுங்க. படத்த இங்கயே வுட்டுட்டு, ஏலத்துலேர்ந்தும் எடுத்துடுங்க. நான் மூச்சு விட மாட்டேன். நீங்க குடுத்த படம் இதோ, பத்திரமா இருக்குது. எடுத்துகினு போங்க.”

விளக்குப் படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் தெருமுனையில் மறைந்ததும், சமையலறையிலிருந்து கற்பகம் ஓடிவந்தாள். கண்ணனை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

“ஏம்மா, நூறு வருசப் பழசுன்னு அந்தாளு நெட்ல போட்டது நெசந்தானே? இது உன் மாமனாரோட தாத்தா வரைஞ்சதாச்சே!”

“நெசந்தான் அத்தே” என்றாள் சூர்யகலா. “ஏலத்துல அவரு போட்ட போட்டோவப் பிரின்ட் எடுத்து, அதப் பாத்து நான் வரைஞ்சது மத்த மூணுந்தான்.”