பித்தளைப் பிடி

“அண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதே அந்த வெண்டல் காரைக் கைப்பற்றிக்கிட்டான். இப்ப அண்ணன் போட்ட கியர் கம்பியும் பிடிக்கலையாம் துரைக்கு!” என்றான் டயர்க்கடை கிளீவ்.

தன் பட்டறையில் லேத்தை நிறுத்தாமலே விர்ஜில் முனகினார். “வரட்டும், கேக்கறேன்.”

பேக்கர்ஸ்ஃபீல்டில் டெல்பர்ட்டின் ஹாட் ராட் காரைத் தெரியாதவர்கள் கிடையாது. துருப்பிடித்துக் கிடந்த பழைய காரை வாங்கி, கூரையை அறுத்துத் தாழ்த்தி, ராட்சச இன்ஜினை வைத்து, ஒவ்வொரு திருகையும் தன் கையாலேயே முடுக்கியவன். போன வருஷம் எண்ணெய்க் கிணற்றில் இரும்புக் குழாய் சரிந்து விழுந்ததில் இரண்டு காலும் போய்விட்டது. அதிலிருந்து வீட்டை விட்டு வெளியே வருவதில்லை.

டெல்பர்ட்டின் தம்பி வெண்டல் வந்தான். ஈரத்துணியில் சுற்றியிருந்த களிமண் உருண்டையை மேஜைமேல் வைத்தான். அதில் நாலு விரல் பதிந்த பள்ளம்.

“இதே பள்ளத்தோட பித்தளையில ஒரு பிடி வேணும், விர்ஜில் அண்ணே. கம்பியும் புதுசு. நல்லா வலது பக்கம் சாஞ்சு இருக்கணும்.”

“வலது பக்கமா? ஓட்டறவன் இடது பக்கம்தானேடா உக்காருவான்?”

“ஆமா.”

விர்ஜில் உருண்டையைப் பிடித்துப் பார்த்தார். விரல் உட்காரவில்லை. கையை மாற்றிப் பிடித்தார். உட்கார்ந்தது.

“அட முட்டாளே, இது இடது கை அச்சு! நீ கியர் போடறது வலது கையால. இதுகூடத் தெரியாத உனக்கெல்லாம் அந்தக் கார் ஒரு கேடா?”

“இப்படியே செஞ்சு குடுங்கண்ணே.”

“டெல்பர்ட்டைக் கேட்டியா?”

வெண்டல் தலையைக் குனிந்துகொண்டான். “காரைப் பத்திப் பேச்செடுத்தாலே அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கறான்.”

“திரும்பாம? பெத்த பிள்ளை மாதிரி வளர்த்த வண்டி. வயிறு எரியாதா அவனுக்கு?”

விர்ஜிலுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் வேலையில் குறை வைக்கத் தெரியாத மனுஷர். பித்தளைக் கட்டையைக் கடைந்து, பள்ளத்தை அரத்தால் ராவி, முகம் பார்க்கிற அளவுக்குப் பாலீஷ் போட்டுக் கொடுத்தார்.

விஷயம் காபிக்கடை முழுக்கப் பரவியது. கிளீவ் இருக்கும்போது வேறு யார் வேண்டும்?

சனிக்கிழமை சாயங்காலம். ஊரிலுள்ள ஹாட் ராடெல்லாம் மெயின் ரோட்டில் வரிசையாக உலா வரும் நேரம். டெல்பர்ட்டின் கார் வந்து, பட்டறைக்கு எதிரே சிவப்பு விளக்குக்கு நின்றது. ஸ்டீயரிங்கில் வெண்டல். பக்கத்து சீட்டில், பெல்ட்டால் இறுக்கிக் கட்டப்பட்டு, டெல்பர்ட்.

“கொடுமையைப் பாருங்க,” என்றான் கிளீவ். “சொந்தக் கார்ல விருந்தாளியாட்டம் உக்கார வச்சிருக்கான்.”

விர்ஜில் விறுவிறுவென்று கார்ப்பக்கம் போனார். வெண்டலை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்ற வேகம்.

டெல்பர்ட் முந்திக்கொண்டான். “விர்ஜில் அண்ணே, இந்தத் திருட்டுப் பய பண்ணின வேலையைப் பாத்தீங்களா? சக்கர நாற்காலிக்குக் கைப்பிடின்னு பொய் சொல்லி என்னைக் களிமண்ணை அமுக்க வச்சான்!”

விர்ஜில் திருதிருவென்று விழித்தார். விளக்கு பச்சைக்கு மாறியது.

“கிளச்சை மிதிடா, கழுதை!” என்று தம்பியை அதட்டிவிட்டு, டெல்பர்ட் தன் இடது கையால் கியரைப் போட்டான்.