ஏழாம் டேங்கின் மூச்சு

பெங்களூர் பக்கம் ஹெப்பகோடியில் பாக்டீரியாவை வைத்து மருந்துக்குப் புரதம் எடுக்கும் ஆலை. ஏழாம் டேங்க் ஆதிகேசவன் பொறுப்பு. பாக்டீரியா வளர்ந்ததும் சூட்டை நாற்பத்திரண்டு டிகிரிக்கு ஏற்றுவார்கள். அந்த அவதியில்தான் அது புரதத்தைக் கொட்டும். பிறகு நீராவி விட்டுக் கொன்றுவிடுவார்கள்.

அன்று கொன்று கழுவிய காலி டேங்கில், மூச்சு விட எதுவுமே இல்லாதபோதும், மீட்டரில் ஆக்ஸிஜன் குறைந்துகொண்டே வந்தது.

“மீட்டர் கோளாறு, அண்ணா. இறங்கித் தொடச்சிட்டு வா. மாட்டேன்னா நாளைலேருந்து வேற ஆளு,” என்றான் சூப்பர்வைசர் மஞ்சுநாத்.

ஆதிகேசவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மீட்டரைப் பார்த்தான். எண் நின்றது. மூச்சை விட்டான். எண் இறங்கியது.

பிழைப்பாச்சே, இறங்கினான். உள்ளே வெறும் எஃகு.

“அண்ணா, நீராவி வால்வு மூடித்தான் இருக்கு,” என்று மேலிருந்து மஞ்சுநாத் கத்தினான். “ஆனா உள்ள சூடு நாப்பத்திரண்டு காட்டுதே.”

ஆதிகேசவன் உடம்பிலிருந்து ஏதோ கொட்ட ஆரம்பித்தது. வியர்வை என்றுதான் முதலில் நினைத்தான்.