வைத்திய சாமியின் பதில்

“மறுபடியும் சாமி சிரிக்குது அத்தை” என்றாள் வெய்-சுன்.

தரையில் கிடந்த இரண்டு பிறை வடிவக் கட்டைகளும் தட்டைப் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. அப்படி விழுந்தால் சாமி சிரிக்கிறார், கேள்வி சரியில்லை என்று அர்த்தம். ஒன்று மல்லாந்து ஒன்று குப்புற விழுந்தால் சம்மதம். இரண்டும் குப்புற விழுந்தால் கூடவே கூடாது. தைனான் நகரில் அந்தக் கோயில் தெருக்காரர்கள் வைத்திய சாமியைக் கேட்காமல் ஒரு பல்லைக்கூடப் பிடுங்க மாட்டார்கள்.

மாமியார் பாவோ-சூ பக்கத்து மெத்தையில் மண்டியிட்டிருந்தாள். சாமிக்குப் பெயர், முகவரி எல்லாம் ஒழுங்காகச் சொன்னாயா என்று விசாரித்தாள். எந்த மாடி என்பதுவரை சொல்லியாகிவிட்டது.

நாளைக் காலை ஆபரேஷன். சிறுநீர்க் குழாயைத் தாங்க உள்ளே ஒரு சின்ன நாடா வைப்பார்கள். இருமினால் சொட்டும், தும்மினால் சொட்டும், சிரித்தால் கேட்கவே வேண்டாம். இந்த அவஸ்தை அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். கல்யாண விருந்து, பஸ் பயணம் எல்லாவற்றுக்கும் முழுக்குப் போட்டாயிற்று. ஆபரேஷன் பலிக்காவிட்டால் மிச்ச ஆயுளும் கழிப்பறைக்குப் பக்கத்திலேயேதான்.

“கம்ப்யூட்டர் என்ன சொல்லுச்சுன்னே?”

“வயசு, எடை, பிரசவம் எல்லாத்தையும் போட்டுப் பார்த்தாச்சு. நூத்துல எண்பத்திரண்டு பேருக்குச் சரியாயிடுமாம்.”

“அப்புறம் ஏன் இப்படி வெளிறிப் போயிருக்கே?”

“மிச்சப் பதினெட்டுல ஒண்ணா ஆயிட்டா? பேசாம வேற டாக்டர்கிட்டப் போயிடலாம் அத்தை.”

“நல்லா இருக்கே. ஊர்ல இருக்கிற டாக்டருக்கெல்லாம் அந்த இடத்தைக் காட்டிக்கிட்டுத் திரியறதா?”

வெய்-சுன் கேள்வியை மாற்றினாள். நாளைக்கு ஆபரேஷனை வைத்துக்கொள்ளலாமா என்று முணுமுணுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு கட்டைகளைப் போட்டாள்.

இரண்டும் குப்புற விழுந்தன.

பாவோ-சூ கட்டைகளை நோக்கிக் குனிந்தாள். மருமகளின் கைகளைப் பார்த்தாள். அவை நடுங்கிக்கொண்டிருந்தன. மன்னித்துக்கொள் என்று சாமியிடம் மனசுக்குள் சொல்லிவிட்டு, ஒரு கட்டையைச் சுண்டுவிரலால் மெல்லப் புரட்டினாள்.

“கண்ணைத் திற. சம்மதம் கொடுத்துட்டாரு.”

வெய்-சுன் பார்த்தாள். போன உயிர் திரும்பி வந்தது. நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

ஊதுபத்திப் புகை பாவோ-சூவின் தொண்டையைக் கமறச் செய்தது. தூணைப் பிடித்து எழுந்து, இருமல் அடங்கும்வரை கால்களை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

“சீக்கிரம் போய்த் தூங்கு டாக்டரம்மா” என்றாள். “நாளைக்கு உன் கை நடுங்கினா நனையப்போறது என் கால்சட்டைதான்.”